மின் ஸ்கூட்டருடன் வரும் கையேடு: ஒரு மதிப்புரை

இம்மாதம் மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டுள்ள நூலை எந்தப் புத்தகக் கடையிலும் வாங்க முடியாது. அதற்கு விலை இல்லை. ஆசிரியர் பெயரும் இல்லை. ஆயினும் நம் நாட்டில் இலட்சக்கணக்கான வீடுகளில் அது இருக்கிறது. மின் ஸ்கூட்டர் வாங்குவோருக்கு வண்டியுடன் சேர்த்துத் தரப்படும் ‘உரிமையாளர் கையேடு’தான் அந்நூல். பலர் அதனை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அது என்ன தருகிறது என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி எழக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன். எங்கள் தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர் மின் ஸ்கூட்டர் வாங்கினார். மூன்றாம் வாரத்தில், நல்ல மழை பெய்த மறுநாள் காலை, வண்டி நகர மறுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் திரையில் வெளிச்சம் வருகிறது; பாட்டரி 84 விழுக்காடு என்று காட்டுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சக்கரம் மட்டும் சுழலவில்லை. நண்பர் கையேட்டைப் புரட்டினார். ‘வண்டி நகரவில்லை எனில் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையை அணுகவும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. பணிமனையிலிருந்து ஆள் வர நான்கு நாட்கள் ஆகும் என்றார்கள். நண்பர் ஒரு குட்டியானையை வாடகைக்கு அமர்த்தி வண்டியை ஏற்றிச் சென்றார். அங்கே இருந்த இளைஞர் பிரேக் பிடியின் அடியில் உள்ள சிறு சுவிட்சைத் துடைத்துச் சேற்றை அகற்றினார். வண்டி ஓடியது. வேலை இரண்டு நிமிடம்.

பிரேக்கைப் பிடிக்கும்பொழுது மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்துவதற்காக அந்தச் சுவிட்ச் வைக்கப்பட்டிருக்கிறது. அது சேற்றில் சிக்கிக்கொண்டதால், பிரேக் எப்பொழுதும் பிடிக்கப்பட்டிருப்பதாகவே வண்டி எண்ணிக்கொண்டது. அதே சுவிட்ச்தான் பின்புறச் சிவப்பு விளக்கையும் எரியச் செய்கிறது. அன்று காலை முழுவதும் அவ்விளக்கு எரிந்துகொண்டே இருந்ததை நண்பர் பார்த்திருக்கிறார். அதன் பொருள் அவருக்குத் தெரியவில்லை. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தக் கையேட்டில் ஓரிடத்திலும் அது சொல்லப்படவில்லை.

அதன்பின் அந்தக் கையேட்டையும், வேறு நண்பர்களிடமிருந்து பெற்ற இன்னும் மூன்று கையேடுகளையும் முழுவதும் படித்துப் பார்த்தேன். குறைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஆகவே நிறுவனங்களின் பெயர்களை இங்கே குறிப்பிடப்போவதில்லை.

நல்லவை முதலில்

இக்கையேடுகளில் பாராட்டத்தக்க பகுதிகளும் உண்டு. சுவிட்சுகள் எங்கெங்கே உள்ளன என்பதற்குத் தெளிவான படங்கள் இருக்கின்றன. டயரின் காற்றழுத்தம், ஏற்றக்கூடிய சுமை, பிரேக் எண்ணெயின் வகை ஆகியவை அட்டவணையாகத் தரப்பட்டுள்ளன. எந்தப் பகுதியை எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதும் ஒழுங்காக உள்ளது. வண்டியை ஓட்டுவதற்கு இவை போதும்.

ஆனால் வண்டியை வைத்திருப்பது வேறு, ஓட்டுவது வேறு. வைத்திருப்பவனுக்கு மூன்று கேள்விகள் எழும். ஒன்று, வண்டி ஏன் இப்படி நடந்துகொள்கிறது? இரண்டு, இது பழுதா, இல்லையா? மூன்று, இதில் ஆபத்து உண்டா? இம்மூன்றையும் பிரித்தறிய உதவாத கையேடு எத்தனை பக்கம் இருந்தாலும் பயனில்லை. இந்த அளவுகோலைக்கொண்டே கையேட்டின் முக்கியப் பகுதிகளைப் பார்ப்போம்.

எத்தனை கிலோமீட்டர்?

புதிதாக வாங்கியவரின் முதல் மனக்குறை, சொன்ன தூரம் வண்டி ஓடவில்லை என்பதே. கையேட்டின் இறுதிப் பக்கத்தில் ‘சான்றளிக்கப்பட்ட தூரம்’ என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில், ‘உண்மைத் தூரம் ஓட்டும் முறையைப் பொறுத்து மாறலாம்’ என்றிருக்கும். எவ்வளவு மாறும், ஏன் மாறும் என்பது இல்லை.

விளம்பரங்களில் நாம் பெரும்பாலும் காணும் எண் ‘இந்திய ஓட்டச் சுழற்சி’ என்னும் சோதனை முறையில் கிடைப்பது. இச்சோதனையில் வண்டி சாலையில் ஓடுவதில்லை. சோதனைச் சாலையில் உருளைகளின்மேல் ஓடுகிறது. ஒரு சுழற்சி 108 வினாடி. அதில் உச்ச வேகம் மணிக்கு 42 கி.மீ.; சராசரி வேகம் சுமார் 22 கி.மீ. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இது நல்ல முறைதான். ஆனால் புறவழிச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு இந்த எண் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதை மேல்நிலைப்பள்ளி மாணவர் ஒருவரே கணக்கிட்டுக் காட்டலாம். வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, ஆக 180 கிலோ என்று கொள்வோம். சமதளச் சாலையில் வண்டியை இரண்டு விசைகள் எதிர்க்கின்றன. முதலாவது டயரின் உருளல் தடை. அது எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்று எடுத்துக்கொண்டால் 26 நியூட்டன் ஆகும். வேகம் கூடினாலும் இது அதிகம் மாறுவதில்லை. இரண்டாவது காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது. நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் ஒருவருக்கு 30 கி.மீ. வேகத்தில் இது சுமார் 25 நியூட்டன் எனக் கொள்ளலாம். 60 கி.மீ. வேகத்தில் அது நான்கு மடங்காகி 100 நியூட்டன் ஆகிவிடும்.

ஆகவே மொத்த எதிர்ப்பு 30 கி.மீ. வேகத்தில் 51 நியூட்டன், 60 கி.மீ. வேகத்தில் 126 நியூட்டன். ஒரு கிலோமீட்டர் தூரத்திற்குச் செய்யவேண்டிய வேலை முறையே 51,000 ஜூல், 1,26,000 ஜூல். ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல். மோட்டாரிலும் கட்டுப்பாட்டுச் சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், பாட்டரியிலிருந்து கிலோமீட்டருக்கு முறையே 17½ வாட்-மணியும் 44 வாட்-மணியும் செலவாகும். பாட்டரியின் கொள்ளளவு 3 யூனிட், அதாவது 3,000 வாட்-மணி எனில், முதல் வேகத்தில் சுமார் 170 கி.மீ. செல்லலாம், இரண்டாம் வேகத்தில் 68 கி.மீ. மட்டுமே செல்லலாம்.

இது தோராயக் கணக்கு. நகரத்தில் நின்று நின்று செல்வதால் வேறு இழப்பும் உண்டு. 40 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்பொழுது சுமார் 3 வாட்-மணி இயக்க ஆற்றல் கையைவிட்டுப் போகிறது. அதில் ஒரு பகுதியையே மீட்க முடியும். பின்னால் ஒருவர் அமர்ந்தால் கணக்கு இன்னும் மாறும். எனினும் முக்கியச் செய்தி இதுதான்: அதே வண்டி, அதே பாட்டரி, வேகம் இரு மடங்கானால் தூரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கையேட்டில் இதற்கு அரைப் பக்கமும் ஒரு சிறு அட்டவணையும் போதும். அவை இல்லாததால், வாங்கியவர் தம்மை ஏமாற்றிவிட்டதாக எண்ணுகிறார். அல்லது பாட்டரி கெட்டுவிட்டதாக அஞ்சுகிறார். இரண்டும் வீண் மனவேதனை.

மிதவை இல்லாத தொட்டி

பெட்ரோல் தொட்டியில் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கும், முள்ளும் இறங்கும். பாட்டரியில் அப்படி எந்த மிதவையும் இல்லை. திரையில் தெரியும் விழுக்காடு, நேராக அளந்த அளவன்று, கணக்கிட்ட அளவு. உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளியே வந்த மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்தும், மின்னழுத்தத்தைப் பார்த்தும் ஒரு சிறு கணிப்பொறி அதனைக் கூறுகிறது. கடைக்காரர் இருப்பைப் பாராமல் வரவு செலவுப் புத்தகத்தைக்கொண்டே சரக்கு இவ்வளவு என்று சொல்வது போன்றது இது. சிறு பிழைகள் நாளடைவில் சேரும். பாட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யும்பொழுது கணக்கு நேராகும்.

இங்கே லித்தியம் பாட்டரியின் வகை முக்கியமாகிறது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகையில் ஒரு கலத்தின் சராசரி அழுத்தம் சுமார் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். இரும்பு பாஸ்பேட் வகையில் சராசரி 3.2 வோல்ட், உச்சம் 3.65 வோல்ட். இரண்டாம் வகையில் பாட்டரி பெரும்பகுதி காலியாகும்வரை அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். ஆகவே அழுத்தத்தைக்கொண்டு இருப்பை அறிவது கடினம். அவ்வப்போது முழுச் சார்ஜ் செய்வது நல்லது. முதல் வகையை முழுச் சார்ஜுடன் வெயிலில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்தால் அது விரைவில் முதுமை அடையும். நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதானால் பாதியளவு சார்ஜில் வைப்பதே ஏற்றது.

இரு வகைக்கும் அறிவுரை ஒன்றன்று என்பது இதனால் விளங்கும். ஆனால் நான் பார்த்த நான்கு கையேடுகளில் இரண்டு, உள்ளே இருப்பது எந்த வகை என்பதையே கூறவில்லை. ‘லித்தியம் அயனி’ என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்கின்றன. இதனால்தான் ஒருவர் ‘தினமும் 100 வரை ஏற்று’ என்றும், இன்னொருவர் ‘80க்கு மேல் ஏற்றாதே’ என்றும் தெருவில் வாதாடுகிறார்கள். இருவரும் தத்தம் வண்டிக்குச் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும்.

பழுதல்லாத பழுதுகள்

சில நடத்தைகள் பழுதுபோலத் தோன்றும், ஆனால் பழுதல்ல. கையேடு இவற்றைத் தனித் தலைப்பில் கூறியிருக்கவேண்டும்.

பல வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. கிடைக்கும் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புகிறது. பாட்டரி நிறைந்திருக்கும்பொழுது அந்த மின்சாரத்திற்கு இடமில்லை. ஆகவே முழுச் சார்ஜுடன் காலையில் புறப்பட்டால் இந்தத் தடை குறைவாக இருக்கும், அல்லது இல்லாமலே போகும். நேற்று மாலை தானாக வேகம் குறைந்த வண்டி இன்று காலை இறக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். தெரியாதவர் திடுக்கிடுவார். இது பழுதன்று, ஆனால் முன்கூட்டித் தெரிந்திருக்கவேண்டிய செய்தி. மலைப்பாதையில் வசிப்பவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்டதும் ஆகும்.

சித்திரை வெயிலில் மேடான சாலையில் சென்றால் வண்டியின் வேகம் தானாகக் குறையலாம். மோட்டாரோ பாட்டரியோ அளவுமீறிச் சூடாகாமல் காக்கவே கட்டுப்பாட்டுச் சுற்று மின்னோட்டத்தைக் குறைக்கிறது. நிழலில் சற்று நேரம் நிறுத்தினால் சரியாகிவிடும். அதுபோலவே சார்ஜ் ஏறும்பொழுது கடைசிப் பத்து விழுக்காட்டிற்கு நெடுநேரம் ஆவதும் இயல்பு. முதலில் மாறா மின்னோட்டத்தில் ஏற்றும் சார்ஜர், இறுதியில் மாறா மின்னழுத்தத்திற்கு மாறுகிறது; அப்பொழுது மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது. நிரம்பும் குடத்தில் நாம் தண்ணீரை மெல்ல ஊற்றுவதில்லையா? அதே கவனம்தான் இது.

பழுதைத் தேடும் வழி

உண்மையான பழுது வந்தால் என்ன செய்வது? கையேடுகளில் ‘பிழை எண்கள்’ என்னும் அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் எண், வலப்பக்கம் பரிகாரம். பரிகாரப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே வாக்கியம்: ‘பணிமனையை அணுகவும்.’ இதற்கு அட்டவணை எதற்கு? ஒரு வரி போதுமே.

வண்டியின் உள்ளமைப்பை அறிந்தால் பழுதைத் தேடுவது கடினமன்று. பெட்ரோல் வண்டியைவிட இதில் பகுதிகள் குறைவு. பாட்டரி, அதனைக் காக்கும் சுற்று, கன்ட்ரோலர், மோட்டார், விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தரும் மாற்றி ஆகிய ஐந்தே முக்கியமானவை. மோட்டாருக்குள் மூன்று தொகுதிக் கம்பிச் சுருள்களும் நிலைக்காந்தங்களும் உள்ளன. காந்தங்கள் எந்த நிலையில் உள்ளன என்பதைப் பல மோட்டார்களில் ‘ஹால் உணரிகள்’ கூறுகின்றன. 1879இல் எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த விளைவில் இயங்குபவை இவை. அச்செய்தியைக்கொண்டு கன்ட்ரோலர் சுருள்களுக்கு முறைமாற்றி மின்னோட்டம் அனுப்புகிறது. ஆக்சிலேட்டர் பிடியிலும் பெரும்பாலும் ஒரு காந்தமும் ஒரு ஹால் உணரியுமே உள்ளன.

இதனைத் தெரிந்துகொண்டால், அறிகுறியைக்கொண்டு இடத்தை ஊகிக்கலாம்.

திரையே எரியவில்லை எனில் மின்சாரம் அங்கு வந்து சேரவில்லை என்று பொருள். பல வண்டிகளில் இருக்கையின் அடியில் வீட்டு மின்பெட்டியில் உள்ளது போன்ற எம்.சி.பி. ஒன்று இருக்கும். அது கீழே விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்து 12 வோல்ட் ஃபியூஸ். ஏற்றிவிட்ட எம்.சி.பி. மீண்டும் விழுந்தால் அதனை வற்புறுத்தக் கூடாது. எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது.

திரை எரிகிறது, சக்கரம் சுழலவில்லை எனில் மூன்றைப் பார்க்கவேண்டும்: பக்க ஸ்டாண்டு முழுதாக மடங்கியுள்ளதா? சார்ஜர் செருகியபடியே இருக்கிறதா? பிரேக் பிடிக்காதபொழுதும் பின்விளக்கு பிரகாசமாக எரிகிறதா? நம் நண்பரின் பழுது மூன்றாவது வகை.

சக்கரம் உதறி உதறிச் சுழல்கிறது அல்லது தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது எனில் ஹால் உணரியோ, மூன்று தடித்த கம்பிகளில் ஒன்றோ தொடர்பு இழந்திருக்கலாம். இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கன்ட்ரோலரும் கெடும். இது பணிமனை வேலை. ஆனால் காரணத்தை ஊகித்துச் செல்பவருக்கும் கைகட்டி நிற்பவருக்கும் அங்கே கிடைக்கும் பதில் ஒன்றாக இராது.

20 அல்லது 30 விழுக்காடு இருக்கும்பொழுதே மேட்டில் வண்டி திடீரென நின்று, சற்று நேரத்தில் மீண்டும் கிளம்புகிறது எனில் பாட்டரியைச் சந்தேகிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ‘அக மின்தடை’ இங்கே உதவுகிறது. 48 வோல்ட் பாட்டரியின் அக மின்தடை 0.1 ஓம் எனக் கொள்வோம். மேட்டில் 40 ஆம்பியர் இழுத்தால், பெருக்கிப் பார்க்க 4 வோல்ட் உள்ளேயே வீழ்ந்துவிடும். பாட்டரி மூப்படைய அக மின்தடை கூடும், வீழ்ச்சியும் கூடும். மேலும், 13 கலங்கள் தொடராக இணைந்த பாட்டரியில் ஒன்று மட்டும் நலிந்திருந்தாலும், அது கீழெல்லையைத் தொட்டவுடன் காப்புச் சுற்று முழுவதையும் நிறுத்திவிடும். பன்னிரண்டு பேர் தெம்பாக இருந்தும் ஒருவர் களைத்தால் கூட்டம் நிற்பது போல. இப்படி நிற்பதைத் தேதியுடனும் விழுக்காட்டுடனும் குறித்து வைத்தால், உத்தரவாதக் காலத்திற்குள் பாட்டரியை மாற்றித் தரக் கேட்பதற்கு அதுவே சான்று.

இவை எதற்கும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவேண்டியதில்லை. பார்க்கவேண்டும், பார்த்ததன் பொருள் தெரியவேண்டும். அவ்வளவே.

எச்சரிக்கையும் காரணமும்

கையேட்டில் மிகவும் கண்டிக்கத்தக்க பகுதி எச்சரிக்கைப் பகுதியே. ‘வேறு சார்ஜரைப் பயன்படுத்தாதீர்’, ‘கடினமான சோப்பினால் கழுவாதீர்’, ‘வண்டி ஓட்டியவுடன் சார்ஜ் செய்யாதீர்’, ‘கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்’ என்று நாற்பது ‘ஆதீர்’கள் ஒரே எழுத்தளவில் வரிசையாக நிற்கின்றன. உயிரைக் காக்கும் விதியும் பெயின்ட்டைக் காக்கும் விதியும் அருகருகே. எதற்கும் காரணம் இல்லை. காரணம் தெரியாத விதியை யாரும் நெடுநாள் கடைப்பிடிப்பதில்லை.

இது சிறு குறையன்று. 2022 மார்ச் மாதத்தில் வேலூரில், வீட்டில் சார்ஜ் செய்துகொண்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில், புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நாட்டின் வேறு பல இடங்களிலும் மின் வண்டிகள் தீப்பற்றின. அதன்பின் பாட்டரிகளுக்கான ‘ஏ.ஐ.எஸ். 156’ என்னும் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. வண்டிகள் திருந்தின. எச்சரிக்கைப் பக்கங்கள் அந்த அளவிற்குத் திருந்தவில்லை.

அப்பக்கத்தில் இருக்கவேண்டியது என்ன? லித்தியம் கலம் ஓர் எல்லைக்கு மேல் சூடானால் உள்ளே வேதிவினைகள் தொடங்கித் தாமே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அவ்வெப்பம் அடுத்த கலத்தைத் தாக்கும். இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டால் சார்ஜரைப் பிடுங்குவதால் நிற்காது. எரியக்கூடிய நச்சு வாயுக்களும் வெளிவரும். ஆகவேதான் ஓட்டி வந்த சூடு தணியும்வரை காத்திருந்து சார்ஜ் செய்யவேண்டும். ஆகவேதான் படுக்கையறையிலும், வீட்டிலிருந்து வெளியேற உள்ள ஒரே வழியிலும், மாடிப்படியின் அடியிலும் சார்ஜ் செய்யக்கூடாது. ஆகவேதான் எல்லோரும் உறங்கும் நேரத்தைத் தவிர்க்கவேண்டும். பாட்டரி உப்பினாலோ, சீறும் ஒலி கேட்டாலோ, இனிப்பான அல்லது நெடியுள்ள வாசனை வந்தாலோ, பொருள்களைப் பற்றி எண்ணாமல் ஆட்களை வெளியேற்றிவிட்டு 112ஐ அழைக்கவேண்டும்.

மற்றோர் ஆபத்து சுவரில் உள்ள பிளக்கில் இருக்கிறது. பிளக்கின் தொடர்பு தளர்ந்து அங்கே அரை ஓம் தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். சிறிய சார்ஜர் இழுக்கும் 3½ ஆம்பியரில் அவ்விடத்தில் உண்டாகும் வெப்பம் சுமார் 6 வாட். விரைவுச் சார்ஜர் 15 ஆம்பியர் இழுத்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அது 112 வாட் ஆகிவிடும். ஒரு குண்டு பல்பின் வெப்பம் முழுவதும் புளியங்கொட்டை அளவு இடத்தில் என்று எண்ணிப்பாருங்கள். சார்ஜ் தொடங்கிய அரைமணி நேரம் கழித்துப் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதிக்கு அருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் பழுது வண்டியிலன்று, உங்கள் வீட்டுச் சுவரில்.

மழையைப் பற்றியும் ஒரு சொல். ‘ஐ.பி. 67’ என்று கையேடு பெருமையுடன் கூறும். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தண்ணீர் புகாது என்பது இவ்வெண்களின் பொருள். ஆனால் இது புதிய பாட்டரிப் பெட்டிக்குச் செய்த சோதனை. நாள்பட்ட ரப்பர் வளையத்திற்கோ, சார்ஜ் செருகும் வாய்க்கோ, பிரேக் பிடியின் சுவிட்சுக்கோ அது உறுதி தருவதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பரிசோதிக்காமல் சார்ஜ் செய்யக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நிறுவனத்தார் கூறும் மறுப்பு

நிறுவனத்தாரின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அரைகுறையாகப் படித்தவர்கள் பாட்டரியைத் திறந்துவிடுவார்கள் என்கிறார்கள். 50 வோல்ட் பாட்டரியில் மின் அதிர்ச்சியைவிடக் குறுக்குச்சுற்றே பெரிய ஆபத்து. இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகம் உருகித் தெறிக்கும். எனவே பாட்டரிப் பெட்டியை உரிமையாளர் திறக்கக்கூடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் திறக்காதே என்பது வேறு. தெரிந்துகொள்ளாதே என்பது வேறு. ஒரு காலத்தில் வால்வு ரேடியோப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே சுற்றுப்படம் ஒட்டப்பட்டிருந்தது. அப்பெட்டிகளில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் இருந்தது. அதனால் வாங்கியவர்கள் எல்லோரும் பெட்டியைத் திறந்துவிடவில்லை. தெருமுனையில் இருந்த பழுதுபார்ப்பவருக்கு அப்படம் வழிகாட்டியது. அதைப் பார்த்து மின்னணுவியல் கற்ற சிறுவர்களும் உண்டு. இன்றைய மின் வண்டியில் அப்படம் இல்லாததால், பெட்ரோல் வண்டியின் ஒலியைக் கேட்டே பழுதைச் சொன்ன தெருமுனை மெக்கானிக் இவ்வண்டியைக் கண்டதும் கையை விரிக்கிறார். அவருக்கு அறிவில்லை என்பதன்று. அறிவதற்கு வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

சட்டமும் இப்பொழுது வாங்குபவரின் பக்கம் ஓரளவு நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியாகப் பயன்படுத்துவதற்குப் போதிய அறிவுரைகளோ தவறான பயன்பாட்டைப் பற்றிய எச்சரிக்கையோ இல்லாமல் விற்ற பொருளால் தீங்கு நேர்ந்தால், தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. இது 84ஆம் பிரிவில் உள்ளது. பொருள்களைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே நல்ல கையேடு என்பது நிறுவனத்தார் மனமிரங்கித் தரும் இனாமன்று.

தமிழில் நான்கு பக்கம்

இந்நூலின்மேல் நம் தீர்ப்பு இதுதான்: ஓட்டக் கற்பதற்கு உதவும்; ஆபத்து வேளையில் உதவாது; அறிவதற்குச் சற்றும் உதவாது. நூறு பக்கத்தை இருநூறு பக்கமாக்கச் சொல்லவில்லை. நான்கு பக்கங்களைத் தமிழில் சேர்த்தால் போதும். வேகமும் தூரமும் பற்றிய அட்டவணை ஒரு பக்கம். பழுதல்லாத பழுதுகள் ஒரு பக்கம். அறிகுறியும் இடமும் ஒரு பக்கம். காரணத்துடன் கூடிய பத்து எச்சரிக்கைகள் ஒரு பக்கம். மாநிலங்கள்தோறும் வண்டி விற்பவர்களுக்கு அந்தந்த மொழியில் இதைச் செய்வது பெருஞ்செலவன்று.

அதுவரை வாசகர்கள் தாமே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். வண்டி வாங்கும்பொழுதே பாட்டரியின் வகை, கொள்ளளவு, உத்தரவாத விதி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில், ஒரு விழுக்காட்டிற்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று குறித்து வாருங்கள். பின்னாளில் பாட்டரி தளர்ந்ததா என்பதை ஒப்பிட்டு அறிய வேறு நல்ல அளவுகோல் இல்லை. பணிமனைக்குச் சென்றால், என்ன பழுது, எதை மாற்றினார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குறை தீரவில்லை எனில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

நம் நண்பர் தம் கையேட்டின் பின்னட்டையில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டியிருக்கிறார். ‘வண்டி நகராவிட்டால் முதலில் பின்விளக்கைப் பார்’ என்று அதில் முதல் வரி எழுதியிருக்கிறார். ஐப்பசி மழையில் மீண்டும் ஒருநாள் வண்டி நின்றபொழுது அவர் ஊரில் இல்லை. பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் அத்தாளைப் படித்து, துணியால் சுவிட்சைத் துடைத்து வண்டியைக் கிளப்பிவிட்டாள். அந்தக் கையேட்டில் இன்று மிகப் பயனுள்ள பக்கம் அதுவே.